ஆட்டோகேட் கன்ஸ்ட்ரெயின்ட் பார்: காட்டத் தெரியும், சொல்லத் தெரியாது

அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் பக்கம் லேசர் கட்டிங்குக்கு டிராயிங் போடும் ஆபீஸ்களில் ஒரே பார்ட்டை ஏழெட்டு சைஸில் கேட்பது சகஜம். ஒன்றை ஒழுங்காக வரைந்துவிட்டு, நாலு எண்ணை மாற்றினால் மிச்ச சைஸெல்லாம் வந்து நிற்க வேண்டும். இதற்காகத்தான் ஆட்டோகேட் என்ற டிராயிங் சாஃப்ட்வேரில் 2010 பதிப்பிலிருந்து பாராமெட்ரிக் டேப் இருக்கிறது. லைனுக்கும் லைனுக்கும், வட்டத்துக்கும் வட்டத்துக்கும் கட்டு (கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது ஒன்றுக்கொன்று எப்படி நிற்க வேண்டும் என்ற விதி) போடுவது எப்படி என்று எல்லா இன்ஸ்டிடியூட்டிலும் சொல்லித்தருகிறார்கள். போட்ட கட்டைத் திரையில் எப்படிப் பார்ப்பது, எதை மறைப்பது, எது விட்டுப்போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. இந்த விமர்சனம் அந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆட்டோகேடின் கன்ஸ்ட்ரெயின்ட் பார், அதாவது போட்ட கட்டுகளைச் சின்னங்களாகக் காட்டும் குட்டிப் பட்டை, முதலில். பக்கத்தில் வைத்துப் பார்க்க சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர், ஃப்ரீகேட் என்ற வேறு மூன்று சாஃப்ட்வேர்கள்.

சோதனைக்கு எடுத்துக்கொள்ள நம்ம ஊர் பட்டறைக்குப் பழக்கமான பார்ட் ஒன்று: டி.என். 100 (பைப் சைஸ்), பி.என். 16 (அழுத்தத் தரம்) ஃபிளாஞ்சுக்கான ஃபுல் ஃபேஸ் கேஸ்கெட், அதாவது பைப் முனைகளைப் போல்ட் போட்டு இணைக்கும் இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவில் வைக்கும் ரப்பர். வெளி விட்டம் 220, நடுத் துளை 115, பி.சி.டி. (போல்ட் துளை மையங்கள் உட்காரும் வட்டத்தின் விட்டம்) 180, அதன்மேல் 18 மி.மீ. போல்ட் துளை 8. ஆக மொத்தம் 11 வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் 3 சுதந்திரம்: இடவலம், மேல்கீழ், ஆரம். மொத்தம் 33.

இப்போது கட்டு. வெளி வட்டம், நடுத் துளை, பி.சி.டி. மூன்றும் ஒரே மையத்தில் நிற்க 2 கான்சென்ட்ரிக். ஒவ்வொன்றும் 2 சுதந்திரத்தைப் பிடிக்கும், ஆக 4. எட்டுத் துளையின் மையமும் பி.சி.டி. வட்டத்தின் மேல் உட்கார 8 கோஇன்சிடென்ட். இவை ஆளுக்கு ஒன்று, ஆக 8. எட்டுத் துளையும் ஒரே அளவாக 7 ஈக்வல், ஆக 7. 33-ல் 19 போனால் மிச்சம் 14. அந்த 14-ல் விட்டம் 4, மையத்தைத் தரையில் அறைய 2, துளைகள் வட்டத்தில் நிற்கும் கோணம் 8. கணக்கு சரி. கோணத்துக்கு 7 இடைக்கோணம் 45 டிகிரி என்று கொடுத்து, கடைசியாக இரண்டு துளை மையத்துக்கு ஒரு ஹரிசான்டல் போட்டால் படம் அசையாது.

இந்தக் கட்டுகள் சரியாக இருந்தால் டி.என். 80-க்கு மாறுவது வெறும் மூன்று எண்: 220 என்பது 200, 180 என்பது 160, 115 என்பது 89. துளை அதே 8, அதே 18. ஒரு துளைக்கு மட்டும் கோஇன்சிடென்ட் விட்டுப்போயிருந்தால் என்ன ஆகும்? ஏழு துளை உள்ளே வரும், எட்டாவது பழைய 90 மி.மீ. ஆரத்திலேயே நின்றுவிடும். புது வெளி ஆரம் 100. துளையின் விளிம்பு 99-ல். ஓரத்தில் 1 மி.மீ. ரப்பர்தான் மிச்சம். திரையில் முழுப் படத்தையும் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும் என்று நினைப்போம். இருபது கேஸ்கெட்டை ஒரே ஷீட்டில் நெஸ்டிங் செய்து, அதாவது நெருக்கி அடுக்கி, வைத்திருக்கும்போது தெரியாது. கட்டுகளைக் காட்டும் வசதி உருப்படியாக இருக்கிறதா இல்லையா என்பதற்கு இதுதான் பரீட்சை: விட்டுப்போன அந்த ஒன்றை எவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுக்கிறது?

ஆட்டோகேடுக்கு வருவோம். பாராமெட்ரிக் டேப்பில் ஜியோமெட்ரிக் பேனலில் மூன்று பட்டன். ஷோ ஆல் என்றால் எல்லாப் பட்டையும் வரும். ஹைட் ஆல் என்றால் எல்லாம் போகும். ஷோ/ஹைட் என்பதுதான் உருப்படியானது: அதை அழுத்தி, வேண்டிய ஆப்ஜெக்ட்டுகளைத் தேர்ந்து என்டர் தட்டினால் ஷோ, ஹைட், ரீசெட் என்று கேட்கும். ரீசெட் என்பது நகர்த்திப்போட்ட பட்டைகளைப் பழைய இடத்துக்கே கொண்டுவரும். கமாண்ட் லைனில் கன்ஸ்ட்ரெயின்ட்பார் என்று அடித்தாலும் இதே கதைதான்.

பட்டையைப் பிடித்து இழுக்கலாம். மவுஸை ஒரு சின்னத்தின் மேல் வைத்தால் அந்தக் கட்டில் மாட்டியிருக்கும் ஆப்ஜெக்ட்டுகள் ஒளிரும். இது நல்ல வசதி, ஆட்டோகேடின் இந்தப் பகுதியில் யோசித்துச் செய்தது என்று சொல்லக்கூடியவற்றில் ஒன்று. சின்னத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் டெலீட், ஹைட், ஹைட் ஆல், செட்டிங்ஸ் என்று வரும். பட்டை ஓரத்தில் குட்டியாக ஒரு பெருக்கல் குறி இருக்கும். அது மறைக்க மட்டும்தான், கட்டு அப்படியே இருக்கும். புதிதாக வருபவர்கள் இதை மூடிவிட்டுக் கட்டையே அழித்துவிட்டதாக நினைத்து மறுபடி போடப் போவார்கள். ஏற்கெனவே இருக்கும் கட்டை மறுபடி போட முடியாது என்று ஆட்டோகேட் மறுக்கும். அப்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கும்.

இதைவிட மோசமானது எதிர்த் திசைத் தவறு. மேனேஜ் பேனலில் டெலீட் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது. திரை நிரம்பி வழிகிறதே, சின்னங்களைக் கொஞ்சம் ஒதுக்குவோம் என்று அதை அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தால், ஜியோமெட்ரிக் (வடிவங்களுக்கிடையே உறவு), டைமென்ஷனல் (அளவு) இரண்டு வகைக் கட்டும் வேரோடு போய்விடும். படம் பார்க்க அப்படியேதான் இருக்கும். அளவை மாற்றப் போகும்போதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும். உடனே கவனித்தால் அன்டூ இருக்கிறது. சேவ் செய்து மூடியபின் இல்லை.

நம்ம கேஸ்கெட்டில் ஷோ ஆல் அழுத்திப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருதான். ஈக்வல் போடும்போது மல்டிபிள் என்ற ஆப்ஷனில் முதல் துளையை அடிப்படையாக வைத்து மற்ற ஏழையும் தேர்ந்திருந்தால், முதல் துளையின் பட்டையில் சமக்குறிகள் வரிசைகட்டி நிற்கும். சின்னங்கள் ஸூமுக்கு ஏற்பப் பெரிதாவதும் இல்லை, சிறிதாவதும் இல்லை. திரையில் எப்போதும் ஒரே சைஸ். அதனால் தள்ளி நின்று பார்த்தால் படத்தையே மூடிவிடும், கிட்டே போனால் மூலைக்கு ஒன்றாகப் பிரிந்துவிடும். செட்டிங்ஸில் பட்டையின் டிரான்ஸ்பரன்சியைக் கூட்டலாம். கூட்டினால் கீழே உள்ள கோடு தெரியும், சின்னம் தெரியாது. ரிச்சி தெருவில் புதிதாக 4கே மானிட்டர் வாங்கி மாட்டியவர்கள் இதில் இன்னும் கொஞ்சம் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் பலரும் திறந்தே பார்க்காத ஒரு கதவு இருக்கிறது. கன்ஸ்ட்ரெயின்ட்பார்மோட் என்ற சிஸ்டம் வேரியபிள், அதாவது கமாண்ட் லைனில் பெயரை அடித்து எண் கொடுத்து மாற்றும் செட்டிங். 12 வகைக் கட்டுக்கும் தலா ஒரு எண் உண்டு: ஹரிசான்டல் 1, வெர்டிகல் 2, பெர்பெண்டிகுலர் 4, பேரலல் 8, டேன்ஜென்ட் 16, ஸ்மூத் 32, கோஇன்சிடென்ட் 64, கான்சென்ட்ரிக் 128, கோலினியர் 256, சிமெட்ரிக் 512, ஈக்வல் 1024, ஃபிக்ஸ் 2048. கூட்டினால் 4095, வாங்கும்போது அப்படித்தான் வரும், அதாவது எல்லாமே தெரியும். வேண்டியதை மட்டும் கூட்டிக் கொடுத்தால் அந்த வகை மட்டும் தெரியும். கணக்குப் போடப் பிடிக்காதவர்கள் கன்ஸ்ட்ரெயின்ட் செட்டிங்ஸ் பெட்டியில் ஜியோமெட்ரிக் டேப்பில் டிக் வைக்கலாம். ஆனால் தினமும் செய்கிறவருக்கு எண்தான் வேகம்.

கேஸ்கெட்டுக்கு 64 என்று கொடுங்கள். ஈக்வல், கான்சென்ட்ரிக் எல்லாம் ஒதுங்கிவிடும். கோஇன்சிடென்ட் மட்டும் நிற்கும். அது மற்றவை மாதிரி பட்டையாக வராது, சின்ன நீலச் சதுரமாக வரும். எட்டுத் துளையின் மையத்திலும் சதுரம் இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணலாம். ஏழுதான் இருந்தால், வில்லன் கையில் சிக்கிவிட்டான். பிறகு 1152 கொடுத்தால், அதாவது 1024-ம் 128-ம், ஈக்வலும் கான்சென்ட்ரிக்கும் மட்டும் தெரியும், அதையும் எண்ணிவிடலாம். சட்டச் சட்டமாக நிறைய நேர்கோடு இருக்கும் ஃபேப்ரிகேஷன் டிராயிங்கில் 4092 நல்ல எண்: ஹரிசான்டலும் வெர்டிகலும் மட்டும் மறையும், கூட்டத்தில் பாதி கலைந்துவிடும். யாரோ எங்கேயோ ஃபிக்ஸ் போட்டு வைத்துப் படம் அசைய மறுக்கிறது என்றால் 2048 கொடுத்து ஷோ ஆல் அழுத்துங்கள். பூட்டுச் சின்னம் எங்கே இருக்கிறதோ அங்கே கை வையுங்கள். இந்த நாலைந்து எண்ணுக்கும் தனித்தனி பட்டன் செய்து ரிப்பனில் மாட்டிக்கொண்டால், ஆட்டோகேட் கொடுக்காத ஃபில்டர் வரிசை கைக்கு வந்துவிடும். பத்து நிமிஷ வேலை.

இதில் ஒரு பொறி. ஷிஃப்டில் ஒரு கம்ப்யூட்டரை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் ஆபீஸ்களில் காலை ஆள் 64-ல் விட்டுவிட்டுப் போனால், மாலை ஆள் ஹரிசான்டல் போடுவார், சின்னம் வராது. கட்டு விழவில்லை என்று மறுபடி போடுவார். மறுபடி அதே மறுப்பு. வேலை முடிந்ததும் 4095-க்குத் திருப்பி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இதோடு கன்ஸ்ட்ரெயின்ட்பார்டிஸ்ப்ளே என்ற இன்னொன்றும் இருக்கிறது: 1 என்றால் கட்டுப் போட்டவுடன் பட்டை வரும், 2 என்றால் ஆப்ஜெக்ட்டைத் தேர்ந்தால் தற்காலிகமாக மட்டும் வரும், 3 என்றால் இரண்டும், 0 என்றால் இரண்டும் இல்லை. பெரிய டிராயிங்குக்கு 2 போதும். தொட்ட இடம் மட்டும் பேசும், மற்றவை வாய்மூடி இருக்கும்.

டைமென்ஷனல் கட்டுக்கு வேறு பட்டன், வேறு வேரியபிள். டைனமிக் வகைக் கட்டுகள் பூட்டுச் சின்னத்தோடு 'டி1=180' என்ற மாதிரி வரும்; பிரிண்டில் வராது. பெயரும் எண்ணும் சேர்ந்து இடத்தை அடைத்தால் கன்ஸ்ட்ரெயின்ட்நேம்ஃபார்மேட்டை 1 ஆக்குங்கள், வெறும் அளவு மட்டும் நிற்கும். ஃபார்முலா சரிபார்க்கும்போது 2-க்குத் திரும்பிவிடுங்கள். டிசிடிஸ்ப்ளே கமாண்டில் எல்லாவற்றையும் மறைக்கலாம். மறைத்தபின்னும் ஒரு வட்டத்தைத் தேர்ந்தால் அதன் அளவு மட்டும் எட்டிப்பார்க்கும்; அது டைன்கன்ஸ்ட்ரெயின்ட்மோட் 1-ல் இருப்பதால். பிரிண்டில் வர வேண்டிய அளவை அனோடேஷனல் வகைக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் அது டைமென்ஷன் ஸ்டைலுக்குக் கட்டுப்படும், கூடவே பிரிண்டிலும் வரும். ஜியோமெட்ரிக் பட்டைகள் எந்த நிலையிலும் பிரிண்டில் வராது, பி.டி.எஃப். வாங்கிப் பார்க்கும் கஸ்டமருக்கு உள்ளே கட்டு இருப்பதே தெரியப்போவதில்லை.

இனி, தானாகக் கட்டுப் போடும் இரண்டு வசதிகள். கண்ணுக்குத் தெரியாமல் கெடுதல் செய்வது இங்கேதான்.

ஆட்டோ கன்ஸ்ட்ரெயின் என்பது பழைய டிராயிங் முழுவதையும் தேர்ந்தால் தானே பார்த்துக் கட்டுப் போட்டுத் தரும். எவ்வளவு கிட்டே இருந்தால் சேர்க்கலாம் என்பதற்கு அதன் செட்டிங்ஸில் இரண்டு அளவு இருக்கும்: தூரம் 0.05, கோணம் 1 டிகிரி. தூரம் பரவாயில்லை. கோணம்தான் ஆபத்து. நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் ஓடும் டிரெயின் பைப்பின் கோணம் 0.57 டிகிரிதான். ஒரு டிகிரிக்குள் அடங்குவதால் அதை ஹரிசான்டல் என்று முடிவுகட்டி நிமிர்த்திவிடும். மொட்டை மாடி வாட்டத்துக்கும் இதே கதிதான். மழை பெய்யும்போதுதான் தெரியவரும். சரிவு உள்ள எந்த டிராயிங்கிலும் முதலில் கோணத்தை 0.1-க்கு இறக்குங்கள், ஆட்டோகேட் போட்டபின் கன்ஸ்ட்ரெயின்ட்பார்மோட் 3 கொடுத்து ஹரிசான்டலும் வெர்டிகலும் மட்டும் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று ஒரு சுற்றுப் பாருங்கள்.

இரண்டாவது, இன்ஃபர் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ். வரையும்போதே கட்டும் விழுந்துகொண்டே வரும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆன், ஆஃப். தவறிப்போய் விரல் பட்டு ஆனாகிவிடும் சமாச்சாரமும் உண்டு. அது ஆனில் இருக்கும்போது ரெக்டேங்கிள் ஒன்று வரைந்தால், ஒரு ஜோடி பேரலலும் ஒரு பெர்பெண்டிகுலரும் மட்டும் விழும். ஹரிசான்டல் விழாது. அதனால் செவ்வகம் செவ்வகமாகவே இருக்கும், ஆனால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் மொத்தமாகச் சாயும். ஏன் சாய்கிறது என்று பட்டையைப் பார்த்தால்தான் புரியும். இன்னொன்று: ஆஃப்செட், மிரர், டிரிம், எக்ஸ்டெண்ட், அர்ரே, ஸ்கேல் ஆகியவற்றில் இன்ஃபர் வேலை செய்யாது. இன்டர்செக்‌ஷன், குவாட்ரன்ட் ஸ்னாப்பில் (கோட்டின் புள்ளியைத் தானே பிடித்துத் தரும் வசதி) பிடித்தாலும் கோஇன்சிடென்ட் விழாது. ஈக்வல், கான்சென்ட்ரிக், சிமெட்ரிக், ஃபிக்ஸ் போன்றவற்றை அது தானாக ஊகிக்கவே ஊகிக்காது. நம்ம கேஸ்கெட்டில் ஒரு துளை வரைந்து போலார் அர்ரேயில் எட்டாக்கினால் கட்டு ஒன்றும் வராது என்பது இதனால்தான். எண்டுபாயின்டில் பிடித்தேனே, ஒட்டியிருக்குமே என்று நம்பி விடாதீர்கள். 64 கொடுத்துச் சதுரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆட்டோகேடின் பெரிய குறை இதற்குப் பிறகு வருகிறது. இந்தப் படத்தில் இன்னும் எத்தனை சுதந்திரம் மிச்சம், எந்தக் கோடு முழுசாகக் கட்டுப்பட்டது, எது தொங்கிக்கொண்டிருக்கிறது என்று சாதாரண டிராயிங்கில் அது சொல்லாது. நிறம் மாறாது, எண் காட்டாது. பிளாக் எடிட்டருக்குள் (ஒரு வடிவத்தை பிளாக் என்ற ஒரே தொகுப்பாக்கித் திருத்தும் இடம்) போனால் மட்டும் பிகான்ஸ்டேட்டஸ்மோட் என்று ஒன்றை 1 ஆக்கினால் நிறம் மாறும்: கட்டே இல்லாதது வெள்ளை, பாதிக் கட்டு நீலம், முழுக்கட்டு மெஜந்தா, தகராறு சிவப்பு. நல்ல வசதி; ஏன் வெளியே இல்லை என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் தெரியவில்லை. ஆகவே கேஸ்கெட் மாதிரித் திரும்பத் திரும்ப வரும் பார்ட்டை பிளாக்காகவே செய்து, பிளாக் எடிட்டருக்குள் கட்டுப் போட்டு, எல்லாம் மெஜந்தாவாகும் வரை வெளியே வராமல் இருப்பதுதான் ஆட்டோகேடில் வேலை செய்பவருக்குப் புத்திசாலித்தனம்.

கட்டு அதிகமாகிப் போனாலும் இதே ஊமைத்தனம். அளவுக் கட்டு ஒன்று கூடுதலாக விழப்போனால் இது அதிகக் கட்டு, ரெஃபரன்ஸாக வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். அதுவரை சரி. எந்தப் பழைய கட்டோடு மோதுகிறது என்று கைகாட்டாது. நீங்களே மவுஸை ஒவ்வொரு சின்னமாக நகர்த்திக் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டோகேட் எல்டி என்ற வசதி குறைந்த பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது, ஏனென்றால் அதில் ஜியோமெட்ரிக் கட்டைப் புதிதாகப் போடவே முடியாது. மற்றவர் போட்டனுப்பியதோடு மல்லுக்கட்டலாம், அவ்வளவுதான். பாராமெட்ரிக் வேலைக்கென்று எல்டி வாங்கிவிடாதீர்கள்.

சாலிட்வொர்க்ஸில் இதே கேஸ்கெட்டை ஸ்கெட்சாக வரையும்போது அனுபவம் வேறு. வியூவில் ஹைட்/ஷோ பகுதியில் ஸ்கெட்ச் ரிலேஷன்ஸ் என்பதை ஆன் செய்தால் பச்சைச் சின்னங்கள் வரும். வகை வாரியாக மறைக்கும் 64, 1152 வித்தை இங்கே இல்லை. ஒன்று எல்லாம், இல்லையேல் ஒன்றுமில்லை. ஆனால் கோட்டின் நிறமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது: நீலம் என்றால் கட்டு போதாது, கறுப்பு என்றால் முழுக்கட்டு. மீதி வேலையை டிஸ்ப்ளே/டெலீட் ரிலேஷன்ஸ் பட்டியல் செய்யும். அதில் ஃபில்டர் இருக்கிறது: இந்த ஸ்கெட்சில் உள்ள எல்லாம், டேங்கிளிங் (பிடிமானம் போனவை), ஓவர்டிஃபைனிங் (அதிகமாகிப் போனவை), எக்ஸ்டர்னல் (ஸ்கெட்சுக்கு வெளியே கட்டியவை), தேர்ந்தவற்றுக்கு மட்டும் என்று. அழிக்காமல் சப்ரெஸ் மட்டும் செய்து பார்க்கலாம். எந்தக் கட்டு குற்றவாளி என்று சந்தேகம் வந்தால் ஒவ்வொன்றாக சப்ரெஸ் செய்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் மெக்கானிக் முறை. வரையும்போது வேண்டாத கட்டு தானாக விழாமல் இருக்க கன்ட்ரோல் கீயைப் பிடித்துக்கொண்டே வரையலாம். தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய சின்ன விஷயம்.

கேஸ்கெட்டில் எட்டாவது துளையின் கோஇன்சிடென்ட் விட்டுப்போயிருந்தால், மற்ற ஏழும் கறுப்பாகி அது மட்டும் நீலமாக நிற்கும். எண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஆட்டோகேடில் சதுரம் எண்ணும் வேலையோடு ஒப்பிட்டால் எது பெரிது என்று புரியும்.

இன்வென்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஃப் 8 எல்லாக் கட்டையும் காட்டும், எஃப் 9 மறைக்கும். இரண்டு விரல் வேலை. பட்டன் தேட வேண்டாம். திரையின் கீழே வலது ஓரத்தில் இன்னும் எத்தனை டைமென்ஷன் தேவை என்று எண் ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டோகேடைச் செய்யும் ஆட்டோடெஸ்க்கே செய்த சாஃப்ட்வேர்; அந்த எண்ணை அப்படியே ஆட்டோகேடுக்குக் கொண்டுவந்திருந்தால் இந்த விமர்சனம் பாதியாகக் குறைந்திருக்கும். அதே ஆட்டோடெஸ்க்கின் ஃப்யூஷன் சாஃப்ட்வேரில் ஸ்கெட்ச் பேலட்டில் ஷோ கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் என்று ஒரே டிக் பெட்டி.

ஃப்ரீகேட் இலவசம். 2024 நவம்பரில் 1.0 வந்தபின் ஆபீஸ்களில் தைரியமாகப் பேசப்படுகிறது. அதன் ஸ்கெட்சரில் இடது பக்கம் கட்டுகளின் முழுப் பட்டியல் எப்போதும் திறந்தே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் டிக் பெட்டி. டிக்கை எடுத்தால் அந்த ஒரு கட்டு மட்டும் திரையில் மறையும், வேலை செய்வது நிற்காது. ஃபில்டரில் வகை வாரியாகவும் பிரிக்கலாம், பெயர் வைத்தவை மட்டும், தேர்ந்த கோட்டைத் தொடும் கட்டுகள் மட்டும் என்றும் பார்க்கலாம். இது ஆட்டோகேடின் எண் வித்தையையும் சாலிட்வொர்க்ஸின் பட்டியலையும் சேர்த்துப் பிசைந்த மாதிரி. இன்னும் இடம் வேண்டுமென்றால் விர்ச்சுவல் ஸ்பேஸ் என்று ஒன்று உண்டு: பார்த்து முடித்த கட்டுகளை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, வேண்டும்போது அந்தப் பக்கம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பரணில் சாமான் ஏற்றி வைப்பது போல.

மேலே சொன்ன 33, 19, 14 கணக்கு இருக்கிறதே, அதை ஃப்ரீகேட் தானே போட்டுக் காட்டும். கான்சென்ட்ரிக்குக்குப் பதில் மையங்களுக்குக் கோஇன்சிடென்ட், துளைக்குப் பாயின்ட் ஆன் ஆப்ஜெக்ட், பிறகு எட்டு வட்டத்தையும் தேர்ந்து ஈக்வல். அளவு எதுவும் போடாத அந்த நிலையில் சுதந்திரம் 14 என்று காட்ட வேண்டும். 15 என்று காட்டினால் எங்கேயோ ஒரு துளை பி.சி.டி.யை விட்டு இறங்கி நிற்கிறது. அந்த எண்ணையே கிளிக் செய்தால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் வடிவங்களைத் தேர்ந்து காட்டும். எல்லாம் முடிந்ததும் கோடுகள் பச்சையாகும். கட்டு மோதினால் எந்தெந்த எண்ணுள்ள கட்டுகள் என்று சொல்லும். அந்த எண்ணைத் தொட்டால் அவை பட்டியலில் தேர்வாகும். ஆட்டோகேட் ஊமையாக நிற்கும் இடத்தில் இது வாய் திறக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. கட்டுகள் நூறைத் தாண்டிப்போனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கும். ஆட்டோகேடின் டி.டபிள்யூ.ஜி. ஃபைலைத் திறக்கத் தனி கன்வெர்ட்டர் நிறுவ வேண்டும். கஸ்டமர் டி.டபிள்யூ.ஜி. மட்டும்தான் அனுப்புவேன் என்று நிற்கும் சென்னை நிலவரத்தில் இது தினசரித் தொல்லை. பெரிய லேஅவுட், பத்து வியூ, டைட்டில் பிளாக் என்று போகும்போது ஆட்டோகேட் பழகிய கைக்கு இது இழுக்கும்.

கட்டைத் திரையில் சின்னமாகக் காட்டுவது புதுச் சிந்தனையும் அல்ல. 1963-ல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் செய்த ஸ்கெட்ச்பேடிலேயே கட்டுகள் வட்டத்துக்குள் எழுத்தாகத் தெரிந்தன. ஐகான் வரைவது அன்றே முடிந்த வேலை. நூறு ஐகானில் எதைக் காட்ட வேண்டும் என்று தேர்ந்து சொல்வதில்தான் இன்றும் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

மார்க் போட்டே ஆக வேண்டுமென்றால், காட்டுவது மறைப்பது என்ற இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஃப்ரீகேட் 10-க்கு 8, சாலிட்வொர்க்ஸ் 8, இன்வென்டர் 7, ஆட்டோகேட் 6. ஆட்டோகேடின் 6-ல் இரண்டு மார்க் கன்ஸ்ட்ரெயின்ட்பார்மோடுக்கே போகிறது. ஏற்கெனவே ஆட்டோகேட் வைத்திருக்கும் ஆபீஸ் இதற்காக மாற வேண்டியதில்லை. நாலு பட்டன் செய்து, பிளாக் எடிட்டர் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் வண்டி ஓடும். ஒரே பார்ட்டின் சைஸ் வரிசைதான் முக்கால்வாசி வேலை என்றால் ஃப்ரீகேடில் ஸ்கெட்ச் போட்டு டி.எக்ஸ்.எஃப். (லேசர் கட்டிங்குக்கு அனுப்பும் ஃபைல்) எடுப்பது நிம்மதி.

லேசருக்கு டி.எக்ஸ்.எஃப். அனுப்பும் முன் கவனிக்க ஒன்று பாக்கி. எட்டுத் துளையும் உட்கார்ந்திருக்கும் அந்த பி.சி.டி. வட்டம் ஆட்டோகேடில் நிஜ வட்டம். கன்ஸ்ட்ரக்‌ஷன் கோடாக (வரைய உதவும் துணைக் கோடு) மாற்றும் வசதி அங்கேயும் பிளாக் எடிட்டருக்குள் மட்டும்தான். டெஃப்பாயின்ட்ஸ் லேயரில் போட்டால் பிரிண்டில் வராது, ஆனால் டி.எக்ஸ்.எஃப்.பில் போய்ச் சேர்ந்துவிடும். நெஸ்டிங் செய்பவர் லேயரைப் பார்க்காவிட்டால், லேசர் அந்த 180-ஐயும் வெட்டி, ஒரு கேஸ்கெட்டை இரண்டு வளையமாக்கிக் கொடுத்துவிடும். வட்டத்தை அழித்தால் அதில் கட்டியிருந்த 8 கோஇன்சிடென்ட்டும் கூடவே போகும். எனவே மூல ஃபைலில் கை வைக்காதீர்கள். டபிள்யூபிளாக் போட்டுத் தனி ஃபைலாக எடுத்து, அதில் பி.சி.டி.யை அழித்து, 10 வட்டம் மட்டும் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு அனுப்புங்கள். ஃப்ரீகேடில் பி.சி.டி.யை கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆக்கியிருந்தால் ஏற்றுமதியில் அது தானாகவே விடுபட்டுவிடும். அங்கேயும் 10-ஐ எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.